குலுங்காத பாட்டில்

கொக்கரைப்பட்டிக் குழாயில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரத் தொடங்கி ஒரு வருடம் ஆயிற்று. ஊரார் பல முறை மனுக் கொடுத்த பிறகு, டவுன் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு பாட்டிலைக் கொடுத்தார். "இதில் தண்ணீர் பிடித்து, குலுங்காமல் கொண்டு வாருங்கள். கெட்ட தண்ணீர் என்று தெரிந்தால் புதுக் கிணறு கிடைக்கும்" என்றார்.

பாட்டிலைச் சுமக்கப் பூவுலிங்கம் தேர்வானான். ஆறாம் வகுப்பில் மூன்று ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்தவன் அவன். வீட்டில் மனைவி செல்லக்கனி நிறைமாதம். இருந்தாலும் ஊர்க் காரியம் என்று கிளம்பினான். துணைக்கு மச்சான் மாசானமும் அத்தை ஆவுடையம்மாளும் வந்தார்கள்.

பேருந்து குலுங்கும் என்பதால் நடக்க முடிவாயிற்று. நடந்தாலும் குலுங்கும் என்பதை அத்தை கண்டுபிடித்தாள். ஆகவே பூவுலிங்கம் தண்ணீர் பிடித்த பாட்டிலோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார, மற்ற இருவரும் கட்டிலைத் தூக்கினார்கள். நான்கு அடிக்கு ஒரு முறை நின்று, தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்தார்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நான்கு நாள் ஆயிற்று.

இரண்டாம் நாள் மாசானத்தின் கைபேசி ஒலித்தது. பேசி முடித்தவன் அத்தையைப் புளியமரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனான். கட்டிலில் இருந்தவன் காதில் பேச்சு விழுந்தது.

"சொல்லிடலாமா அத்தை? நல்ல சேதிதானே."

"நல்ல சேதி கேட்டா மனசு துள்ளும். மனசு துள்ளினா கை நடுங்கும்."

"கெட்ட சேதியா இருந்தா?"

"அப்பவும் நடுங்கும்."

"அப்ப சேதியே ஆகாது."

பூவுலிங்கத்துக்குக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. கேட்டால் மூச்சு வாங்கும். பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த அம்மையார் பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கி, பத்துத் தடவை ஓங்கிக் குலுக்கினார். அடியில் படிந்திருந்த மண்ணெல்லாம் மேலே எழுந்தது. குலுக்கினால்தான் அடியில் இருப்பது தெரியும் என்று அவர் விளக்கியதை மூவரும் நம்பவில்லை. பூவுலிங்கம் பாட்டிலைத் திரும்ப வாங்கி, தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்று சாக்கடையில் ஊற்றினான்.

பிறகு வாசலில் போராட்டம் தொடங்கியது. மாசானம் கோஷம் போடலாம் என்றான்.

"குலுக்கினதை எதிர்த்து உக்காந்துட்டு நாமளே குலுங்கலாமா?" என்றாள் அத்தை.

ஆகவே உதடுகூட அசையாமல் மூவரும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். அவ்வழியே வந்த ஒருவர், இது எதற்கான வரிசை என்று விசாரித்தார். பதில் வராததால் ஏதோ பெரிய விஷயம் என்று அவரும் பின்னால் உட்கார்ந்தார். மாலைக்குள் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அம்மையார் பயந்துபோய் ஆளுக்கொரு காலி பாட்டில் கொடுத்தார். எல்லோரும் திருப்தியோடு வீடு திரும்பினார்கள்.

பூவுலிங்கம் காலி பாட்டிலோடு மறுபடி கட்டிலில் ஏறினான்.

"இப்பச் சொல்லலாம்ல அத்தை? பாட்டில் காலிதானே."

"காலி பாட்டில்தான் கூட ஆடும். பேசாம தூக்கு."

திரும்பக் கிளம்பிய நான்காம் நாள் வீட்டு வாசலில் கட்டில் இறங்கியது. செல்லக்கனி துணியில் பொதிந்த குழந்தையோடு வந்து அவனிடம் நீட்டினாள். பூவுலிங்கம் குழந்தையைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னான்:

"தண்ணி பிடிச்சுக் குடுத்துட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் இது ஆணா பொண்ணான்னு யாரும் என்கிட்ட சொல்லக் கூடாது."