நத்தைகுத்தி நாரையின் மூடாத அலகு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது; பள்ளிக்கூடமும் இருந்தது. பெரிய ஏரிக்கரை ஒன்றில் எல்லாக் குஞ்சுகளுக்கும் பொதுவாக நடந்த அந்தப் பள்ளியில் மீன் பிடிக்கவும் திசை பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பாட்டு மட்டும் கிடையாது. அது குயில் வீட்டுப் பிள்ளைகள் வீட்டோடு படித்துக்கொள்கிற விஷயம்.

மாதங்கி என்ற வானம்பாடிதான் அதை மாற்றினாள். நாரைக்கும் கொக்குக்கும் பாட்டு ஏன் கூடாது என்று, பள்ளிகளுக்கெல்லாம் தலைவரான கழுகாரிடம் மூன்று மழைக்காலம் விடாமல் கேட்டாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். ஓர் ஆண்டு நடத்திப் பார், நானே வந்து கேட்பேன், சரியில்லை என்றால் எடுத்துவிடுவேன் என்றார்.

அந்த ஆண்டு முழுக்கப் பாட்டு வகுப்புக்கு முதல் ஆளாக வந்தவள் அல்லி. நத்தைகுத்தி நாரைப் பெண். அப்போதெல்லாம் அந்த இனத்துக்கு அலகு ஒழுங்காக மூடும். அவளுக்குக் கரகரத்த தொண்டை. சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஆனாலும் கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவாள். மாதங்கி ஒரு நாளும் அவளைத் தடுத்ததில்லை.

கழுகார் வரும் நாள் வந்தது. குஞ்சுகள் வரிசையில் நின்றன. தூரத்தில் அவர் சிறகு தெரிந்ததும் மாதங்கி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அல்லியின் குரல் ஒன்றே எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று பட்டது. அவளருகே போனாள்.

“இன்னிக்கு மட்டும் பாடாதே கண்ணு. அலகைத் திறந்து வச்சுக்கோ, போதும்.”

“நான் பாடினா நல்லாயில்லையா டீச்சர்?”

மாதங்கி அவள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

பாட்டு பிசிறில்லாமல் அமைந்தது. இனி எல்லா ஏரிப் பள்ளிகளிலும் பாட்டு உண்டு என்று சொல்லிவிட்டுக் கழுகார் பறந்தார். குஞ்சுகள் கூத்தாடின. அல்லி மட்டும் திறந்த அலகோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் மாதங்கி அவளைத் தேடிப் போனாள். தப்பு என்னுடையது, இப்போது பாடு, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடு என்று கெஞ்சினாள். அல்லியும் பாடத்தான் பார்த்தாள். குரல் எழவில்லை. அலகை மூடினாள், நுனிகள் சேர்ந்தன, நடுவில் சந்து விழுந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நத்தை தேடச் சேற்றுக்குள் இறங்கிவிட்டாள்.

அதன்பிறகு மாதங்கி எத்தனையோ ஏரிகளில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எங்கே போனாலும் வரிசையில் ஒரு குரல் குறைவது போலவே அவளுக்கு இருந்தது.

இன்றும் நத்தைகுத்தி நாரையின் குஞ்சுகள் கூட்டில் இருக்கும்வரை வாய் ஓயாமல் கத்துகின்றன, அலகும் நன்றாகவே மூடுகிறது. ஆனால் அன்று முதல், வளர்ந்து வரிசையில் நிற்கும் வயது வந்ததும் அலகு நடுவில் திறந்துகொள்கிறது, குரல் அடங்கிவிடுகிறது.