அரண்மனையிலிருந்து வராத வெற்றிலை

அரண்மனையின் தலைமைச் சமையல்காரர் திருமேனி வேலையை விட்டுவிட்டு, ஆற்றங்கரையில் இருந்த சங்கிலியம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். குரு என்று கும்பிடுவதற்குத் திருமேனிக்கு முதலில் கழுத்து வளையவில்லை. பிறகு வளைந்தது.

வேலையை விட்ட காரணம் ஊருக்கே தெரியும். ஒரு விருந்தன்று ராஜாவுக்கு வயிற்றுவலி. மாம்பழத்தை அளவில்லாமல் தின்றால் யாருக்கும் வரும். ஆனால் ராஜாவின் மைத்துனர், ரசத்தில் விஷம் என்றார். திருமேனியைச் சபை நடுவே நிறுத்தி, அண்டாவில் மிச்சமிருந்த ரசம் முழுவதையும் குடிக்கச் சொன்னார்கள். குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குள் வயிறு சரியாகிவிட்ட ராஜா, அடுத்து என்ன பலகாரம் என்று கேட்டார்.

அன்றே திருமேனி தன் கரண்டியை ராஜாவின் காலடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கரண்டியை வைத்தவருக்கு அரண்மனை வெற்றிலை அனுப்ப வேண்டும். வெற்றிலை வந்தால், போகலாம் என்று பொருள். அது வரும்வரை அவர் வேறெங்கும் அடுப்பு மூட்டக் கூடாது.

மாதங்கள் போயின. வெற்றிலை வரவில்லை.

மடத்தில் சமைத்தவர் ஏகாம்பரம் என்ற சீடர். பக்தி அதிகம், கைப்பக்குவம் கிடையாது. திருமேனி அடுக்களைக்குள் கால் வைக்காமல் வாசலில் நின்றே உயிரை எடுப்பார்.

"ஏகாம்பரம், மிளகை இப்பவே போடாதேப்பா."

"போட்டாச்சு அண்ணே."

"போட்டாச்சா! சரி, அடி பிடிக்குது, கிளறு."

"நீங்களே வந்து ஒரு கை கிளறுங்களேன்."

"தொடமாட்டேன். வெற்றிலை வரலை."

"அப்போ கருகினதைச் சாப்பிடுங்க."

எல்லோரும் கருகினதைச் சாப்பிட்டார்கள்.

பாதையில் புழுதி கிளம்பினால் திருமேனி வாசலுக்கு ஓடுவார். உப்பு வண்டியாக இருக்கும். இல்லையென்றால் மாடாக இருக்கும்.

ஒருநாள் அக்கரையிலிருந்து யாத்ரீகர் சத்திரத்தின் மணியக்காரர் வந்தார்.

"திருவிழா வருது. ஊர்ப்பட்ட ஜனம் வந்து இறங்கும். சமையலுக்கு உங்க மாதிரி ஒருத்தர் வேணும். திருவிழா முடிஞ்சாலும் இருந்துக்கலாம். வர்றீங்களா?"

"ஆசைதான். வெற்றிலை வரலையே."

"வெற்றிலைதானே? எங்க தோட்டத்துல கொடி கொடியா கிடக்கு. பறிச்சுத் தரட்டுமா?"

"அரண்மனை வெற்றிலை வேணும்."

"நல்லா இருக்கு கதை. நாளைக் காலைப் படகுவரைதான் நான் பொறுப்பேன். அப்புறம் வேற ஆளைப் பார்த்துப்பேன்."

திருமேனி தன் கைகளைப் பார்த்தார். இத்தனை நாள் அடுப்பைத் தொடாத கைகள் யாருடைய கைகளோ போல் இருந்தன. நேரே அம்மையிடம் போனார்.

"அம்மா, ராஜா உங்களை மதிக்கிறவர். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்."

"என்னவென்று?"

"வெற்றிலையை அனுப்பச் சொல்லி."

"இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தியது?"

"அரண்மனைதான்."

"அதுதானே பார்த்தேன். சமையல்காரர்கள் கூடி ஏற்படுத்தியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்."

திருமேனிக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாடாதீர்கள் அம்மா. அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் என்னவென்று இருப்பது?"

சங்கிலியம்மை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவர் முன்னால் வைத்தார்.

"இந்த மடத்துப் பொறுப்பை விட்டுவிட்டேன். உம்மிடம் சொல்லிவிட்டேன்."

"என்னிடமா?"

"எதிரில் நீர்தானே உட்கார்ந்திருக்கிறீர்?"

அம்மை எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

திருமேனி அன்று பட்ட பாடு கொஞ்சமில்லை. போங்கள் என்று சொன்னால் குருவைத் துரத்திய பாவம். போகக் கூடாது என்று சொல்ல இவர் யார்? இதற்கிடையில் அரிசி அறையைத் திறக்க வேண்டியிருந்தது. எண்ணெய் தீர்ந்திருந்தது. மாடு வேறு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"அண்ணே, அம்மா போறாங்களா, இருக்காங்களா?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"உனக்கென்ன, பதில் சொல்ல வேண்டியவன் நானில்லையா?"

விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தார்.

விடிந்தபோது அம்மையின் குடில் காலியாக இருந்தது. கொடியில் மாற்றுச் சேலை இல்லை.

திருமேனி சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார். என்னவோ ஏதோ என்று ஏகாம்பரமும் பின்னால் ஓடினார். படகில் அம்மை உட்கார்ந்திருந்தார். எதிரே சத்திரத்து மணியக்காரர். படகோட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நில்லுங்கள்! நான் இன்னும் பதிலே சொல்லவில்லையே!"

"ஆமாம், சொல்லவில்லை."

"பதில் வராமல் நீங்கள் எப்படிப் புறப்படலாம்? மடத்தை யார் பார்த்துக்கொள்வது?"

"நேற்று ராத்திரி எல்லோரும் சாப்பிட்டார்கள் அல்லவா?"

"சாப்பிட்டார்கள்."

"பிறகென்ன?"

"ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதா? நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?"

"நான் உம்மை ஒன்றும் கேட்கவில்லையே."

மணியக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொண்டார்.

"கேட்கவில்லை என்றால் என்னிடம் எதற்குச் சொன்னீர்கள்?" திருமேனிக்கு மூச்சிரைத்தது. கோபமும் வந்தது.

"காலையில் எழுந்து என்னைத் தேடக் கூடாதே என்றுதான்."

 திருமேனி சாவிக்கொத்தை ஏகாம்பரத்தின் கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறத் தண்ணீரில் இறங்கினார்.