மஞ்சள் மூக்கு

ஒரு காட்டில் செம்பி என்றொரு செந்நாய் இருந்தாள். இந்தக் காட்டில் யார் பெரிய பயந்தாங்கொள்ளி என்று முயலைக் கேட்டால், முயல்கூடச் செம்பியைத்தான் காட்டும்.

செந்நாய் தெரியும்தானே, பிள்ளைகளே? நம் தெருநாய்களுக்குத் தூரத்துச் சொந்தம். சிவந்த உடம்பு, கறுத்த வால். தனியாக வாழத் தெரியாது. வேட்டையும் கூட்டமாக, தூக்கமும் கூட்டமாக.

செம்பி காரணம் இல்லாமல் பயப்படவில்லை. அவளுக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. ஒன்றைக் கழுகு தூக்கிப் போனது. ஒன்றை மலைப்பாம்பு விழுங்கியது. மூன்றாவது ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்று, நுரை தள்ளிச் செத்தது. மிச்சம் இருந்தது சுண்டு ஒருவன்தான். தனக்குத் தெரியாத எதுவும் அவன் வாயிலோ மூக்கிலோ போகக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது அல்லவா?

அவள் நம்பியது வெள்ளைக்காது ஒருவனைத்தான். அவன் அவளுக்குத் தம்பி முறை; காது நுனி மட்டும் வெளுத்திருக்கும். தினமும் வேட்டை முடிந்ததும் நேராகச் சுண்டுவிடம் வருவான். விழுங்கி வந்த இறைச்சியைக் குட்டியின் முன்னால் கக்கி வைப்பான். முகம் சுளிக்காதீர்கள். செந்நாய்க் குட்டிகளுக்கு அதுதான் சுடச்சுடச் சோறு.

"சாப்பிடு மாப்பிள்ளை. இது உனக்குன்னே கொண்டு வந்தது" என்பான் வெள்ளைக்காது.

சுண்டுவும் "மாமா, மாமா" என்று அவன் வாலைப் பிடித்துத் தொங்குவான்.

அந்தக் காட்டில் மழைக்காலம் பொல்லாதது. ஆறு பெருகிப் பள்ளத்து வளைகள் எல்லாம் மூழ்கிவிடும். அப்போது கூட்டம் முழுவதும் மலைமேல் உள்ள பெரிய குகையில் போய் அடையும். புலியும் மேட்டுக்கு ஏறிவிடும். மழை எல்லா வாசனையையும் கழுவிவிடுவதால் புலிக்கு மூக்கு உதவாது. காதை வைத்துத்தான் இரை தேடும். அதனால் குகைக்குள் ஒரே சட்டம்: சத்தம் கூடாது.

போன மழையில் அந்தச் சட்டம் உடைந்தது. யாரோ ஒருவருக்கு வறட்டு இருமல் வந்தது. மறுநாள் நான்கு பேருக்கு, அதற்கு மறுநாள் குகை முழுவதும். அந்தச் சத்தத்தை வைத்தே புலி வந்தது. அந்த மழை முடிந்தபோது கூட்டத்தில் ஆறு பேர் இல்லை.

இந்த வருடம் மழைக்கு ஒரு மாதம் முன்பே, கூட்டத்தின் தலைவி கருவாலி கீரி வைத்தியரை வரவழைத்தாள். கீரி மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவர். இலைச் சுருளில் மஞ்சளாக ஒரு சாறு வைத்திருந்தார்.

"மூக்குல ஒரு துளி, அவ்வளவுதான். இருமலோட நிழல் இதுல இருக்கு. மூக்கு அதைப் பார்த்துப் பழகிக்கிட்டா, நிஜம் வரும்போது அடையாளம் கண்டு விரட்டும். பழக பதினஞ்சு நாள் ஆகும். மழை வந்த பிறகு என்கிட்ட ஓடி வராதீங்க."

"போட்டா இருமலே வராதா?" என்று ஒரு செந்நாய் கேட்டது.

"அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். வந்தாலும் தொண்டையைக் கனைச்சுட்டுப் போயிடும். உயிரை வாங்காது."

"ஏதாவது செய்யுமா?" செம்பி சுண்டுவை அணைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு நாள் தும்மல் இருக்கும். மூக்கு மஞ்சளாகும். ஒரு வருஷம் கழுவினாலும் போகாது."

கருவாலி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "யாரையும் கட்டாயப்படுத்தலை. ஆனா மஞ்சள் மூக்கு உள்ளவங்கதான் பெரிய குகைக்குள்ள வரலாம். மத்தவங்களுக்குப் பின்குகை இருக்கு. சின்ன வாசல், புலி நுழைய முடியாது. உள்ளே இருமினா வெளியே கேட்காது. தனியா இருட்டுல இருக்கணும், அவ்வளவுதான். அதுல ஒண்ணும் குத்தமில்லை."

முதல் குட்டிக்குத் துளி விட்டார்கள். அது நான்கு முறை தும்மிவிட்டு, முன்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே சுருண்டு படுத்தது. நுரை தள்ளிச் செத்த குட்டியும் முதலில் அப்படித்தான் சுருண்டது. அவள் சுண்டுவைக் கவ்விக்கொண்டு புதருக்குள் நழுவினாள்.

புதருக்குள் நரி உட்கார்ந்திருந்தது. நரியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா என்ன?

"மருந்து வேண்டாம், இல்லையா?" என்றது நரி.

"வேண்டாம். பின்குகையும் வேண்டாம். அந்த இருட்டுல என் பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எப்படி இருப்பேன்?"

"அட, அவங்க பார்க்கப் போறது மூக்கைத்தானே? அதோ காட்டு மஞ்சள். கிழங்கைக் கடிச்சுத் தேய்ச்சு விடு. ஒரு குட்டி போடலைன்னா மலையா இடிஞ்சு விழும்?"

செம்பி ஒரு நொடி தயங்கினாள். பிறகு கிழங்கைக் கடித்து மென்று, சுண்டுவின் மூக்கில் நன்றாகத் தேய்த்தாள். தன் மூக்கிலும் தேய்த்துக்கொண்டாள். நரி போய்விட்டது. யோசனை சொல்லும் நரி கூட வந்து நிற்பதில்லை.

மழை வந்தது. மேலே ஏறியதும் செம்பி இரண்டு மூக்கிலும் மறுபடி கிழங்கைத் தேய்த்தாள். குகை வாசலில் கருவாலி ஒவ்வொரு மூக்காகப் பார்த்தாள். "போ" என்றாள் கருவாலி. செம்பி உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து மலைக் கூட்டமும் மஞ்சள் மூக்கோடு வந்து சேர்ந்துகொண்டது. அதில் ஒருவன் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தான். அத்தோடு அவனுக்குச் சரியாகிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் சுண்டு இருமினான். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல, வறட்டு இருமல்.

செம்பி அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன அது?" என்றாள் கருவாலி.

"எலும்பு... சிக்கியிருக்கு" என்றாள் செம்பி.

கருவாலி சுண்டுவின் மூக்கைப் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது. நம்பிப் போய்விட்டாள். பின்குகை பத்தடி தூரத்தில்தான் இருந்தது, பிள்ளைகளே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் திட்டுவார்களோ, துரத்துவார்களோ என்ற பயம் அவள் வாயைக் கட்டிவிட்டது.

வேட்டையிலிருந்து நனைந்து வந்த வெள்ளைக்காது, சுண்டுவின் அருகில் உட்கார்ந்து அவன் முதுகை நக்கிக் கொடுத்தான். "எலும்பு இல்லாத சதையாப் பார்த்துக் கொண்டு வந்திருக்கேன் மாப்பிள்ளை. மெல்லத் தின்னு."

செம்பியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குகையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அது சுண்டுவின் மூக்கில் விழுந்து வழிந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. செம்பி குட்டியின் முகத்தைத் தன் வயிற்றுக்குள் அழுத்தி மறைத்தாள். இருமலும் அதற்குள் அமுங்கும் என்று நினைத்தாள்.

எட்டாம் நாள் நடுப்பகல். மேகம் கவிந்து வெளிச்சமே இல்லை. வாசலில் வெள்ளைக்காதின் காவல் முறை. திடீரென்று அவன் வாலை ஒருமுறை தரையில் அடித்தான். புலி வருகிறது என்று அர்த்தம்.

குகை மூச்சை நிறுத்திக்கொண்டது.

ஈர இலையில் கனமான பாதம் விழும் சத்தம். ஒன்று. இன்னொன்று. வாசலுக்கு வெளியே பாறையை ஒட்டி ஒரு பெரிய உடம்பு உரசிக்கொண்டு போனது. அதன் மூச்சுக்காற்றுகூட உள்ளே வந்தது. குட்டிகள் கண்ணை இறுக மூடிக்கொண்டன. ஒன்றுகூட முனகவில்லை.

சுண்டுவின் தொண்டை துடித்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் முட்டி நின்றது. பாவம், அடக்கத்தான் பார்த்தான். செம்பி அவன் வாயைத் தன் வாயால் கவ்விப் பிடித்தாள். கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று அவள் மனம் கதறியது.

பாதச் சத்தம் நகர்ந்தது. தள்ளிப் போனது. இன்னும் தள்ளிப் போனது.

சுண்டு இருமினான்.

பாதச் சத்தம் நின்றது. பிறகு திரும்பி வந்தது, இந்த முறை வேகமாக. நகம் விரிந்த ஒரு முன்கால் வாசல் வழியாக உள்ளே நுழைந்து துழாவியது. குட்டிகள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. இன்னும் ஒரு முழம் நீண்டால் ஓரத்தில் இருந்த குட்டி அதன் நகத்தில் மாட்டிக்கொள்ளும்.

புலி குகையைக் கண்டுபிடித்துவிட்டால், காவலில் இருப்பவர் வெளியே பாய்ந்து ஓடி அதைத் தன் பின்னால் இழுத்துப் போக வேண்டும். அது கூட்டத்தின் வழக்கம். வெள்ளைக்காது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புலியின் காலுக்கு அடியில் புகுந்து, உரக்கக் குரைத்துக்கொண்டே மழைக்குள் ஓடினான். முன்கால் வெளியே போனது. உறுமலும் குரைப்பும் சரிவில் இறங்கின.

பிறகு ஒரே ஓர் அலறல் கேட்டது. அதன்பின் மழைச் சத்தம் மட்டும்தான்.

வெகுநேரம் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை.

கருவாலி மெல்ல நடந்து வந்து சுண்டுவின் முகத்தை நிமிர்த்தினாள். அவன் மூக்கு கருகருவென்று இருந்தது. செம்பியின் வயிற்றில் மட்டும் மஞ்சள் அப்பியிருந்தது.

"போடலையா?"

"பயமா இருந்துச்சு" என்றாள் செம்பி.

கருவாலி கடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "குட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்குகைக்குப் போ" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் செம்பிக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்குகை இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் சொட்டு இல்லை, ஈரம் இல்லை. அங்கே சுண்டு மனம்போல இருமினான். ஒரு சத்தமும் வெளியே போகவில்லை. இதற்கா பயந்தோம் என்று செம்பி இருட்டில் படுத்து அழுதாள். பன்னிரண்டு நாளில் சுண்டுவுக்குக் குணமானது.

மழை விட்டது. வேட்டைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். குட்டிகள் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு அவரவர் மாமனிடமும் அத்தையிடமும் ஓடின. இரண்டு பேர் சுண்டுவுக்கும் இறைச்சி கொண்டு வந்தார்கள். சுண்டு அதைத் தொடவில்லை. சரிவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, மாமாவைப் புலியா தூக்கிட்டுப் போச்சு?"

செம்பி அவன் கறுத்த மூக்கை நக்கினாள்.

"புலி கடைசியிலதான் வந்துச்சு, கண்ணு. முதல்ல வந்தது அம்மாவோட பொய்" என்றாள்.

நீதி: நம் பயத்தை மறைத்து ஊரை ஏமாற்றினால், அதன் பலனை நமக்கு நல்லது செய்தவரே அனுபவிக்க நேரிடும்.