அரைச் சாண் டியூப்

நாச்சிமுத்துவை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நூல் மில்லில் முப்பத்தொரு வருடம் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பால்காரருக்கும் மாஸ்டர், அடுத்த வீட்டுக்காரருக்கும் மாஸ்டர்.

அப்படிப்பட்டவர் அறுபத்திரண்டாம் வயதில் ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்தார். குருவின் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தைந்து. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ரப்பர் வாஷர்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஏரிக்கு வந்து, பெட்ரோல் எஞ்சின் வைத்த மாடல் விமானத்தை ரிமோட்டில் பறக்க விடுவார்.

அந்த ஏரியில் விமானம் விடுகிறவர்கள் பத்தொன்பது பேர். பதினெட்டு பேருக்கும் என்றைக்காவது நடுவானத்தில் எஞ்சின் நின்று, விமானம் கீழே வந்திருக்கிறது. வாணியுடையது மட்டும் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நின்றதில்லை. மாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். வெளிநாட்டிலிருந்து ஏதோ ரகசிய டியூப் வரவழைத்துப் போட்டிருக்கிறார் என்று மாஸ்டருக்கு ஒரு சந்தேகம். பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது.

மாஸ்டரின் முதல் விமானம் போன வருடம் வேலிக்காத்தான் புதரில் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் டியூப் இற்றுப்போய் அறுந்திருந்தது. இரண்டாவது விமானத்தைப் பதினோரு மாதம் உட்கார்ந்து கட்டினார். இறக்கை மட்டும் ஒன்பது அடி. அதைக் கட்டி முடித்த அறைதான் வீட்டிலேயே வெளிச்சமும் காற்றும் உள்ள அறை. தையல் மெஷினை அங்கே கொண்டுவந்து போட வேண்டும் என்பது அவர் மனைவி சரசுவின் நெடுநாள் ஆசை.

"இதுவும் விழுந்துதுன்னா அந்த ரூம எனக்கு விட்டுப்போடோணும்," என்றார் சரசு. "மூணாவது கட்டறேன்னு நிக்கக் கூடாது."

"சரி," என்று மாஸ்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது கட்டக் கண்ணும் விரலும் இனி ஒத்துழைக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆக, இதுதான் கடைசி விமானம். வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, மனுஷருக்குப் பயமாகத்தான் இருந்தது.

அந்தப் பயத்தோடு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குருவின் வீட்டுக்கே போனார். வாணி வாசலில் மல்லிக்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கொடியை ஜன்னல் கம்பியோடு ஐந்து இடத்தில் கட்டியிருந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். கயிறு இல்லை. மஞ்சள் நிறப் பெட்ரோல் டியூப்.

"ஏனுங்க அம்மிணி, நல்ல டியூப்பப் போயி கொடிக்குக் கட்டுவாங்களா? இன்னும் வளையுதுங்களே."

"கயிறு கட்டினா தண்டை அறுக்குதுங்க மாஸ்டர்."

மில்லில் கழிவுப் பஞ்சைக்கூடக் கீழே விடாதவர் அவர். மனசு பொறுக்கவில்லை. ஆனால் வந்த காரியம் வேறு.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடுங்க. எந்த டியூப் கடைசி வரைக்கும் தாங்கும்? கடைக்காரரு ஒண்ணு சொல்றாரு. ஏரியில ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னா அதையே போட்டர்றேன்."

வாணி உள்ளே போய்க் கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"கடையில இருக்கற டியூப் எல்லாத்துலயும் விரல் நீளம் வெட்டிக்குங்க. இதுல பெட்ரோல் ஊத்தி, உள்ள போட்டு மூடிருங்க. ஒரு மண்டலம் ஊறட்டும்."

"எந்தப் பெட்ரோலுங்க?"

"விமானத்துக்கு ஊத்தற அதே பெட்ரோல். அதே அளவு ஆயில் கலந்து."

"நாப்பத்தெட்டு நாளைக்குங்களா?"

"மலைக்கு மாலை போட்டா இருக்கறதில்லீங்களா?"

"அதுவரைக்கும் விமானத்தை விடக் கூடாதுங்களா?"

"விடலாமுங்க. சரசக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விடுங்க."

ரூம் விஷயம் குருவின் காது வரைக்கும் வந்திருந்தது. மாஸ்டர் பாட்டிலோடு படியிறங்கும்போது வாணி பின்னாலிருந்து சொன்னார்.

"சமையல் ரூம் பக்கம் கொண்டு போயிராதீங்க."

மூன்று டியூப் கிடைத்தது. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிழலாக ஓர் இடம் பார்த்து மாஸ்டர் பாட்டிலை வைத்தார். காலையில் காப்பியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். பேப்பர்கூட இரண்டாம் பட்சம்தான். மூன்றாம் நாளே ஆசை அடங்காமல் மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார். மாலை போட்டவன் பீடி பிடித்ததுபோல் மனசு உறுத்தவே, மூடியை இறுக மூடி வைத்தார். அதற்குப் பிறகு தொடவில்லை.

நீலம்தான் முதல் விமானத்தில் போட்டிருந்தது. பளபளவென்று பார்க்க லட்சணமாக இருக்கும். பத்தாம் நாளே உப்ப ஆரம்பித்தது. நாற்பத்தெட்டாம் நாள் எடுத்தபோது ஒன்றரைப் பங்கு பருத்துக் கொழகொழவென்று இருந்தது. நகம் பட்டதும் பிய்ந்துவிட்டது. மஞ்சள் நிறம் மங்கி, போட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் விறைத்திருந்தது. வளைத்தால் வளைந்தது. கறுப்பு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. தடித்த ரப்பர். லாரிக்குப் போடுவதுபோல் முரடு. ஒரு மண்டலம் பெட்ரோலில் கிடந்த சுவடே அதில் இல்லை.

மாஸ்டருக்கு விடை கிடைத்துவிட்டது. எஞ்சினுக்குப் போகிற டியூப், பெட்ரோல் நிரப்புகிற டியூப், டேங்குக்கு உள்ளே இருக்கிற அரைச் சாண் டியூப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கறுப்பையே போட்டார். முடித்ததும் ஒரு தோசை கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை ஏரியில் பாட்டிலைக் குருவின் முன்னால் நீட்டினார்.

"கறுப்புதானுங்க. அடிச்சுக்க ஆளே இல்லை."

வாணி கறுப்புத் துண்டை எடுத்துத் துடைத்து, விரல்களால் வளைத்துப் பார்த்தார்.

"கெட்டிதானுங்க," என்றார். "வெளிய மட்டும் போட்டீங்களா, டேங்குக்குள்ளயுமா?"

"எல்லா இடத்துலயும் போட்டாச்சுங்க. இனி என் காலம் வரைக்கும் திறக்க வேண்டியதில்லை."

வாணி தன் விமானத்தைத் தூக்கி வந்தார்.

"காதை இப்படி வையுங்க மாஸ்டர்."

மாஸ்டர் விமானத்தின் வயிற்றில் காதை வைத்தார். வாணி அதன் மூக்கைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்தார். உள்ளே டொக் என்று ஒரு சத்தம். மூக்கை நிமிர்த்தினார். மறுபடி டொக்.

"இப்ப உங்களுது."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மாஸ்டர் காதை வைத்தார். கவிழ்த்தார்கள். ஒன்றுமில்லை. நிமிர்த்தினார்கள். ஒன்றுமில்லை. மாஸ்டர் வேகமாக ஒரு தடவை கவிழ்க்கச் சொன்னார். அப்போதும் சத்தம் வரவில்லை.

டேங்குக்குள் இருக்கிற டியூபின் நுனியில் ஒரு சின்னப் பித்தளைக் குண்டு உண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெட்ரோல் அந்தப் பக்கம் ஓடும். குண்டும் டியூபை வளைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய் விழும். விழுந்த இடத்தில் இருக்கிற பெட்ரோலை எஞ்சின் உறிஞ்சும். அந்த டொக்தான் குண்டு விழுகிற சத்தம். மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாததில்லை.

அவர் விமானத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டார்.

"மூக்கைக் கீழ விட்டா பெட்ரோல் முன்னால வந்துரும்," என்றார். "குண்டு வால் பக்கமே விறைச்சு நிக்கும்."

"ஆமாங்க."

"எஞ்சின் காத்தைத்தான் குடிக்கும்."

"ஆமாங்க."

"இன்னிக்கு விட்டிருந்தா தையல் மெஷின் ரூமுக்கு வந்திருக்கும்."

வாணி சிரித்தார். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது.

"தாங்கறதப் பார்த்துத்தானே போட்டேனுங்க?"

"நல்லாத் தாங்குமுங்க. வெளிய இருக்கறது அப்படியே இருக்கட்டும்." வாணி பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். "உள்ள போட இதுல வேற என்ன பாக்கி இருக்குது?"

மாஸ்டர் பார்த்தார். நீலம் கூழாகக் கிடந்தது. மிச்சம் ஒன்றுதான்.

"மஞ்சளா? அது விறைக்க ஆரம்பிச்சிருச்சுங்களே."

"ஆரம்பிச்சுத்தான் இருக்குதுங்க."

வாணியின் பெட்டியில் புது மஞ்சள் டியூப் இருந்தது. கருவேல மர நிழலில் துண்டை விரித்து மாஸ்டர் டேங்கைக் கழற்றினார். காலத்துக்கும் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்துப் போட்ட இறுக்கம். லேசில் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. குரு உதவிக்கு வரவில்லை. எதிரில் உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த வேர்க்கடலையை உரித்து அவர் பக்கமும் கொஞ்சம் வைத்தார்.

மாட்டி முடித்துக் கவிழ்த்தார்கள். டொக். மாஸ்டர் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டது ஆசைக்கு.

விமானம் ஏரி மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி மேலே ஏறியது. மாஸ்டர் முதல் இரண்டு சுற்று நேராகவே விட்டார். அப்புறம் குருவைப் பார்த்தார். குரு கடலை உரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விமானத்தின் மூக்கைத் தரையை நோக்கித் திருப்பினார். அது தலைகுப்புற இறங்கியது. போன வருடம் விழுந்த அதே புதர் கீழே தெரிந்தது. எஞ்சின் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நிமிர்த்தினார். ஒரு வட்டம் போட்டு மறுபடி மேலே ஏறியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவருக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வழியில்லாததால் அப்படியே விட்டார்.

இறக்கியதும் முதல் வேலையாக வீட்டுக்கு போன் போட்டார்.

"விழுந்துருச்சுங்களா?" என்றார் சரசு.

"இல்லை. நல்லா வந்து இறங்கிருச்சு."

"சரி போகட்டும். மெஷின் ஹால்லயே இருந்துட்டுப் போகுது. கொள்ளு ரசம் வெச்சிருக்கறேன். வெயிலுக்கு முன்னால வந்து சேருங்க."

மாஸ்டர் இறக்கையைக் கழற்றிக் காரில் வைத்தார். கதவை மூடப் போனவருக்கு மனசுக்குள் பழைய கேள்வி தலையைத் தூக்கியது. மஞ்சள் நாற்பத்தெட்டு நாளிலேயே விறைக்கத் தொடங்கியதே. அப்படியானால் இது எத்தனை நாளைக்கு?

திரும்பி வந்தார்.

"அம்மிணி, இன்னிக்கு மறைக்காமச் சொல்லோணும். உங்க விமானம் ஆறு வருசமா நிக்கலை. அந்த டேங்குக்குள்ள என்ன டியூப் போட்டிருக்கறீங்க?"

வாணி தன் விமானத்தின் மூடியைத் திறந்து காட்டினார். வெள்ளை டேங்க். வெயிலில் உள்ளே இருப்பது நிழலாகத் தெரிந்தது. மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். மஞ்சள்.

"இதேதானுங்களா?" மாஸ்டர் நம்பாமல் இன்னொரு தடவை குனிந்தார். "ஆறு வருசமா இதா தாங்குது?"

"இது ஆறாவதுங்க மாஸ்டர்," என்றார் வாணி. "மத்த அஞ்சும் மல்லிக்கொடியில இருக்குதுங்களே."