கண்ணை மூடாத கெண்டை

கூழைமேட்டு மீன் பண்ணையில் மூளைக்குப் பஞ்சமே இல்லை. யாரும் அதைத் தொட்டதில்லை, அப்படியே புத்தம் புதுசாக இருந்தது.

வடமலை அங்கே பதினோரு வருஷமாகத் தற்காலிக உதவியாளன். "ஒரு கெண்டையோட கண் அழுத்தத்தை அளந்து வைங்க. திங்கக்கிழமை வந்து பாக்குறேன். சரியா இருந்தா உம்ம வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதுறேன்" என்று அளக்கும் கருவியையும் ஒரு தாளையும் கொடுத்துவிட்டு மீன் டாக்டர் போனார். அன்றிலிருந்து வடமலைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே மீனைக் கையில் பிடித்து ஒரு தடவை, வலையில் வைத்து ஒரு தடவை, மருந்துத் தண்ணீரில் மயங்கவிட்டு ஒரு தடவை அளக்க வேண்டும். மீன் பதறக் கூடாது. முடிந்ததும் தொட்டியில் விட்டுவிட வேண்டும். தாளில் இருந்தது இவ்வளவுதான்.

கையில் பிடித்தால் கெண்டை வழுக்கியது. வலையில் வைத்தால் துள்ளியது. "மொதல்ல மயங்கட்டும்" என்று வடமலையும் அவன் கூட்டாளி தவசியும் அதை மருந்துத் தண்ணீர் வாளியில் விட்டார்கள். அது ஒருக்களித்துச் சாய்ந்தது. கண் மட்டும் திறந்தே இருந்தது.

"முழிச்சிருக்குண்ணே" என்றான் தவசி.

"பொறு. கண்ண மூடட்டும்."

மத்தியானம் வரை பொறுத்தார்கள். தவசி தாலாட்டும் பாடிப் பார்த்தான். மீனுக்கு இமையே கிடையாது என்பது மீனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"மருந்து போலியா இருக்கும்" என்று வாட்ச்மேன் இருளப்பன் ஒரு டம்ளர் மொண்டு குடித்தான். குடித்த இடத்திலேயே கண்ணை மூடிச் சாய்ந்தான்.

"மயங்கினத அளக்கணும். அதானே தாள்ல இருக்கு?" என்றான் வடமலை.

"இவன் மீன் இல்லையேண்ணே."

"சொன்னபடி கேக்குறது எதுவோ அதுதான் மீன். எழுதுடா."

மூடிய கண்ணைப் பிரித்து அளந்தார்கள். ஒரே மீன் என்று தாளில் இருந்ததால், கையில் பிடித்தும் வலையில் சுருட்டியும் இருளப்பனையே அளந்தார்கள். மூன்று அளவும் பிரமாதமாக வந்தன. வடமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் வந்தபோது இருளப்பன் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

"என்னய்யா இது?"

"மெதுவா பேசுங்க சார், மீன் பதறும்."

"அப்ப கெண்டை எங்க?"

"இருளப்பன் எடத்துக்கு ஆள் வேணுமே சார். கேட்டுல இருக்கு."

கேட்டருகே நல்ல தண்ணீர் வாளியில் மயக்கம் தெளிந்த கெண்டை நின்றது. டாக்டர் குனிந்தார். அது அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

"முழிச்சிருக்கிற வாட்ச்மேன இந்தப் பண்ணையில இப்பத்தான்யா பாக்குறேன்" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

அடுத்த மாதமே மேலிடத்து உத்தரவு வந்தது. கெண்டைக்கு வேலை நிரந்தரம். வடமலை இன்னும் தற்காலிகம்தான். தினமும் காலையில் வாளிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறான்.