கடல்வாசலில் சாத்தன் கேட்டது

கொற்றத்துறைக் கோட்டையைப் பகைவர் வளைத்தபோது, மீன்பிடிக்கப் போயிருந்த சாத்தன் வெளியே மாட்டிக்கொண்டான். உள்ளே கடல்வாசலைக் காத்தவர்களில் அவன் மனைவி நாச்சியும் ஒருத்தி. அவளைக் காணாமல் நாலு மாதமாக ஏங்கிக் கிடந்தான்.

பகைத் தளபதி சாத்தனைப் பிடித்து, அவன் படகிலேயே வலைக்கடியில் வீரர்களோடு பதுங்கிக்கொண்டான்.

"உன் பெண்டாட்டியைக் கதவு திறக்கச் சொல்லடா. இல்லையென்றால் உன் தலை இருக்காது."

வாசலருகே வந்ததும் சாத்தன் கூவினான்: "நாச்சி! திருவிழாவுக்குப் போயிட்டு வந்தேனே, அன்னைக்குத் திறந்த மாதிரியே திற!"

மதில்மேல் நின்றவள் விம்மினாள். "அப்படியே செய்றேன், மச்சான்!"

உள்ளே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழும் ஓசை கேட்டது.

"என்னடா இது? திறக்காமல் இன்னும் தாழ் போடுகிறாளே!" என்று பதறினான் தளபதி.

"அன்னைக்கு நான் கள்ளு குடிச்சிட்டு வந்தேனுங்க. விடியுற வரைக்கும் அவ திறக்கவே இல்ல."

தளபதி வாளை உருவினான். சாத்தன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று மதிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.