டீசல் இல்லாத ஜீப்

ராமாத்தாளின் இட்லித் தள்ளுவண்டி களவு போயிற்று. அவள் பிழைப்பே அதுதான். திருடியவன் செங்கல் சூளையில் ஒளித்து வைத்திருப்பது ஊருக்கே தெரியும். ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரம் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார். "ஜீப்புல டீசல் இல்லம்மா. கவர்மென்ட் இன்னும் பணம் விடல. நீயே ஒரு வண்டி கொண்டா, வர்றேன்."

"நேத்து உங்க வீட்டம்மா அதுலதானுங்களே கோயிலுக்குப் போனாங்க?"

"அதுலதான் தீந்துபோச்சு. போ, வண்டியோட வா."

அவள் வண்டியோடுதான் வந்தாள். நகராட்சியின் இலவச அமரர் ஊர்தி ஸ்டேஷன் வாசலில் நின்றது.

"ஏறுங்க சார். காசில்லாம வர்ற வண்டி எனக்கு இதுதானுங்க. படுத்துக்கிட்டே வரலாம்."

ஸ்டேஷன் வாசலில் பிண வண்டியைக் கண்டால் ஊர் சும்மா இருக்குமா? கடைவீதியே திரண்டு வந்தது. சேதி எட்டியதும் டி.எஸ்.பி. இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்தார்.

"லாக்கப்புல யாருய்யா செத்தது?"

"யாரும் சாகல சார். திருட்டுப் போன தள்ளுவண்டிய மீட்கப் போறோம்."

"பிண வண்டியிலயா? ஜீப்பு எதுக்குய்யா இருக்கு?"

டீசல் இல்லாத ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. மத்தியானத்துக்குள் தள்ளுவண்டி வந்து சேர்ந்தது.

அந்த ஜீப் அப்புறம் கோயில் பக்கம் போகவில்லை. டீசலும் தீரவில்லை. அரசாங்கத்தால் நிரப்ப முடியாத டேங்கை நிரப்பியவள், இட்லிக்காரி ராமாத்தாள்.